ஆவியும் தண்ணிதானே

சாவி வந்துடும் சார். நீங்க இப்படி நிழலுக்கு வந்து உட்காருங்க. இது எடை மேடைக்காரன் உட்கார்ந்திருந்த அறை. கதவுதான் போச்சே தவிர கூரை அப்படியே இருக்கு. வாட்ச்மேன் ஆரோக்கியம் ரேஷன் கடைக்குப் போயிருக்கான். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிஞ்சு வச்சிருப்பான், யாரை நம்பியும் கொடுக்க மாட்டான். உள்ளே இருந்த செம்புக் கம்பியெல்லாம் களவு போன பிறகுதான் அவனுக்கு அந்தப் புத்தி வந்தது. அதை விடுங்க.

என் பேர் கோட்டைச்சாமி. இந்த ஊரில் என்னைப் பற்றி யாரைக் கேட்டாலும், அவன் சொல்றதில் பாதியைத் தள்ளிட்டுக் கேளுங்கன்னு சொல்வாங்க. எந்தப் பாதியைத் தள்ளணும்னு எவனும் சொல்ல மாட்டான். அதனால நீங்க முழுசாவே கேளுங்க.

நீங்க வந்த காரியம் எனக்குத் தெரியும். போன வாரம் உங்க ஆட்கள் வந்து பாய்லரைத் துடைச்சு, ஓட்டை அடைச்சு, தண்ணி ரொப்பிட்டுப் போனாங்க. இன்னைக்கு நீங்க நெருப்பு மூட்டிப் பார்க்கணும். ஆவி ஏறி நின்னா உங்க முதலாளி இந்தக் கம்பெனியை எடுத்து நடத்துவார். ஏறலைன்னா வெட்டி இரும்புக்குப் போட்டுடுவாங்க. காயலான் கடைக்காரன் ஒருத்தன் ஏற்கனவே வந்து, மாட்டுக்குப் பல்லுப் பார்க்கிற மாதிரி புகைக்கூண்டைத் தட்டித் தட்டிப் பார்த்துட்டுப் போயிருக்கான். கல்லெடுத்து எறிஞ்சேன். கிட்டப் போய் விழலை. வயசாயிடுச்சு.

எனக்கு இது ஓடணும் சார். ஊருக்காகன்னு சொல்லலாம், சொன்னா அழகாத்தான் இருக்கும். ஆனா ஊருக்காக இல்லை. என் மகன் வழிவிட்டான் இந்தப் பாய்லரில்தான் வேலை பார்த்தான். இது நின்னுச்சு, அவன் திருப்பூர் போயிட்டான். இது ஓடினா திரும்பி வருவான். எனக்கு வேற மகன் இல்லை. அவ்வளவுதான் விஷயம். இன்னைக்கு நெருப்பு மூட்ட அவனைத்தான் வரச் சொல்லியிருக்கேன், பதினொரு மணி பஸ்ஸில் வர்றான். இந்தப் பாய்லரோட குணம் அவனுக்குத்தான் தெரியும்.

கட்டைக்கு என்ன பண்ணுவீங்கன்னுதானே கேட்கப் போறீங்க? எல்லா ஆபீசரும் அதைத்தான் முதலில் கேட்பாங்க. சுத்திப் பாருங்க. கண்ணுக்கெட்டின வரைக்கும் சீமைக்கருவைதான். நெல்லு விளையாது, மிளகாய் வாடும், இது மட்டும் கேட்காமலே வளரும். ஒரு தடவை எங்க கண்மாய்க்குள்ள ஒரு தூரை நானும் டிராக்டர் வச்சிருக்கிற இருளாண்டியும் தோண்டினோம். தோண்டத் தோண்ட வேர் போய்க்கிட்டே இருக்கு. சங்கிலியைக் கட்டி டிராக்டரில் இழுத்தோம். கொஞ்சம் வந்தது, அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு இழுப்பு. நாங்க இழுக்க, அது இழுக்க, டிராக்டர் பின்னால போகுது. மறுநாள் மண்டபத்து மீனவன் ஒருத்தன் சொல்றான், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை மன்னாரில் ஒரு வீட்டுக் கொல்லையில் கருவைமரம் தானா ஆடுச்சாம், வீட்டுக்காரன் எவண்டா அவன்னு தமிழில் வைதானாம். சிரிக்கிறீங்க. கட்டைக்குப் பஞ்சமில்லைன்னு சொல்ல வந்தேன்.

இந்தக் கம்பெனி வந்தப்போ நாங்க நம்பலை. மூட்டம் போட்டுக் கரியாக்கி விக்கிறதுதான் எங்களுக்குத் தெரியும். கட்டையை எரிச்சுக் கரண்டு எடுப்பாங்களாம், அது கம்பி வழியா ஓடுமாம். பொன்னுரங்கம்னு ஒரு மேனேஜர், கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், நல்ல மனுஷன், எங்களை வரிசையா நிக்க வச்சு விளக்கினார். கட்டை எரியும், தண்ணி கொதிக்கும், ஆவி வரும், ஆவி போய் டர்பைனைச் சுத்தும், டர்பைன் கரண்டைக் கொடுக்கும். எனக்கு அதில் ஒண்ணுதான் மனசில் நின்னது. எல்லாத்துக்கும் மூலம் தண்ணி. நெருப்பு சும்மா வேலைக்காரன். முதலாளி தண்ணிதான். சரிதானே சார்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க.

வாசலில் அந்தக் கறுப்புப் பெட்டி தெரியுதா, காக்கா உட்கார்ந்திருக்கே, அது. அதில் செவப்பு எழுத்தில் நம்பர் ஓடும். இந்த நிமிஷம் எத்தனை மெகாவாட்டுன்னு. முழு மூச்சா ஓடினா ரெண்டு. சின்னக் கம்பெனிதான், ஆனா எங்களுக்கு அது போதாதா. கிரிக்கெட்டுக்கு ஸ்கோர் கேட்கிற மாதிரி ஊரே கேட்கும். வயலுக்குப் போறவன், குடம் தூக்குறவ, பஸ்ஸில் போறவன்கூடத் தலையை நீட்டிப் பார்ப்பான். "என்னப்பா இன்னைக்கு?" "ஒண்ணு புள்ளி எட்டு." "பரவாயில்லை." எட்டுன்னா என்ன, பரவாயில்லைன்னா என்ன, எவனுக்கும் தெரியாது. ஆனா நம்பர் ஏறினா ஊருக்கே முகம் மலர்ந்துடும். ஒரு தடவை ரெண்டைத் தொட்டது. அன்னைக்குப் பொழுது இறங்கினதும் இங்கே எரிஞ்ச விளக்கு வெளிச்சத்தில் எங்க ஊர்ச் சேவலெல்லாம் விடிஞ்சுடுச்சுன்னு கூவ ஆரம்பிச்சது, தொண்டை கட்டுற வரைக்கும் நிறுத்தலை. ஒரு வாரம் ஊரில் எந்தச் சேவலுக்கும் குரல் இல்லை. ஊருக்குள்ளே என்னமோ கரண்டு இல்லைதான். இங்கே செய்யிறது டவர் ஏறி மதுரைப் பக்கம் போயிடும், நாங்க மண்ணெண்ணெய் விளக்கில் உட்கார்ந்து நம்பரைப் பற்றிப் பேசுவோம்.

எனக்கு அந்தப் புள்ளி வச்ச நம்பரெல்லாம் படிக்க வராது. என் பேத்தி தேன்மலர், வழிவிட்டான் மக, அவதான் என் கழுத்தில் உட்கார்ந்துக்கிட்டு படிச்சுச் சொல்வா. என் காதைத் திருகிக்கிட்டு, "தாத்தா, ஒண்ணு புள்ளி ஏழு, இறங்கிடுச்சு, எங்கப்பா என்ன பண்றாரு உள்ள"ன்னு கேட்பா. எனக்கு அவ காதைத் திருகினது இன்னும் வலிக்கிற மாதிரி இருக்கு சார்.

எடை மேடைக் கதையைச் சொல்லணுமே. இந்த அறையில் உட்கார்ந்துட்டு அதைச் சொல்லலைன்னா எப்படி.

கட்டையை எடை போட்டுத்தான் வாங்குவாங்க. வண்டியோட ஏத்தி எடை, இறக்கிட்டு வெறும் வண்டி எடை. அப்போ மனுஷனுக்கு என்ன தோணும்? கொஞ்சம் கனமா இருந்தா என்னன்னு தோணும். பக்கத்து ஊர்க்காரன் மண்ணை அப்பிக்கிட்டு வந்தான், தூரோட. கல்லை உள்ளே வச்சுக் கட்டினான் இன்னொருத்தன். அதெல்லாம் அயோக்கியத்தனம். கட்டை நறுக்குற மெஷினோட பல்லு போயிடும். நாங்க அப்படியெல்லாம் செய்யலை. நாங்க தண்ணிதான் தெளிச்சோம்.

அதுவும் இருளாண்டிதான் முதலில். ஊருணிக் கரையில் டிராக்டரை நிறுத்தி, வாளி வாளியா ஊத்துவான். கருவைக் கட்டை காஞ்சு கிடக்கும்போது அதுக்கு இருக்கிற தாகம் உங்களுக்குத் தெரியாது, குடிக்கிற சத்தம் கேட்கும். நான் ரெண்டு தடவை பார்த்தேன். மூணாவது தடவை, இப்படி ஊத்தினா மேல் கட்டை மட்டும்தாண்டா நனையும்னு சொல்லிக் கொடுத்தேன். கட்டையை முதல் நாளே ஊருணிக்குள்ளே முக்கிக் கல்லைத் தூக்கி மேலே வச்சுடணும். காலையில் எடுத்து ஒரு நாழி வெயிலில் காட்டணும், மேல்தோல் காஞ்சிடும், பார்க்கிறவனுக்குக் காஞ்ச கட்டை. உள்ளே ஈரம் பிள்ளைத்தாச்சி வயித்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கும். இதை நான் ஊரில் எல்லாருக்கும் இலவசமாத்தான் கத்துக் கொடுத்தேன். ஒரு தடவை எடை மேடையில் வண்டி நிக்கும்போது கட்டைக்குள்ளேயிருந்து ஒரு விரால் மீன் துள்ளி விழுந்தது. எடைக்காரன் மீனைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். "கருவையில் விரால் காய்க்கிற வருஷம் இது, அதையும் சேர்த்து எடை போடுங்க"ன்னேன். போட்டான் சார். குழம்புக்கு அவனே எடுத்துக்கிட்டான்.

நீங்க முகத்தைச் சுளிக்கிறீங்க. இதில் என்ன தப்பு? விஷத்தையா ஊத்தினோம்? பாய்லருக்கு வேண்டியது தண்ணி. அதுக்கு லாரி லாரியா தண்ணி கொண்டு வந்து ரொப்புறாங்க. நாங்க கட்டையிலேயே கொஞ்சம் அனுப்பி வைக்கிறோம். ஆவியும் தண்ணிதானே? அந்த வருஷம் கோடையில் ஊருணியே வத்திப்போய், குடிக்கிறதுக்கு நாலு ஊர் தாண்டி நடந்தாங்க பொம்பளைகள். ஆனாலும் கட்டைக்குத் தண்ணி இல்லைன்னு எவன் வீட்டிலும் சொல்லலை. கம்பெனிமேல அவ்வளவு பாசம்.

அந்த வருஷம்தான் போர்டில் நம்பர் இறங்கினது. ஒண்ணரை. அப்புறம் ஒண்ணு புள்ளி ரெண்டு. தேன்மலர் படிச்சதும், இன்னொரு தடவை சரியாப் பார்த்துப் படின்னு சொல்வேன். புகைக்கூண்டில் கறுப்புப் புகை போன காலம் போய் வெள்ளையா, பஞ்சு மாதிரி வருது. நான் ஊரில் சொன்னேன், பாருங்கடா, எவ்வளவு ஆவி, அத்தனையும் வீணா மேலே போகுது, உள்ளே பிடிக்கத் தெரியாத பசங்களை வச்சிருக்கான்னு. அப்படிச் சொல்லும்போது என் மகன்தான் உள்ளே இருக்கான்னு எனக்குத் தோணலை. கோபத்தில் பேசுறது.

பொன்னுரங்கம் தலையில் கை வச்சுட்டார். கட்டை பத்தலை, கட்டை பத்தலைன்னு அதே பாட்டு. எடைக்கணக்கில் மலை மாதிரி கட்டை வந்திருக்கு, எரிச்சா பத்தலை. அது எப்படி சார்? அந்த மர்மம் எனக்கு இன்னைக்கு வரைக்கும் விளங்கலை. சரி, கட்டை பத்தலைங்கிறாரே, இன்னும் கொஞ்சம் கனமா அனுப்புவோம்னு ஊர்கூடி முடிவு செஞ்சோம். ஊரோட கடமை அது. தண்ணியைக் கூட்டினோம். நம்பர் இன்னும் இறங்குது.

கடைசியில் என்னாச்சு தெரியுமா? இங்கே செய்யிற கரண்டு இங்கே இருக்கிற பம்புக்கும் காத்தாடிக்கும் பெல்ட்டுக்குமே சரியாப் போச்சு. அப்புறம் அதுக்கே பத்தாம வெளியிலிருந்து கரண்டு வாங்கினாங்க. கரண்டு செய்யிற கம்பெனி கரண்டு கடன் வாங்குது. டீக்கடையில் நாங்க சிரிச்ச சிரிப்பு. மதுரையிலிருந்து வந்த கரண்டு நேரே பாய்லருக்குள் போய்க் குளிர் காஞ்சிட்டுத் திரும்பிப் போகுதுன்னு நான்தான் கட்டி விட்டேன்.

அந்த டீக்கடையில்தான் ஒரு நாள் வழிவிட்டான் வந்தான். ஷிப்ட் முடிச்சு வந்தவன், கண்ணெல்லாம் புகையில் ரத்தமா இருக்கு. அன்னைக்கு மேனேஜர் அவனை எல்லார் முன்னாலயும், அடுப்பெரிக்கத் தெரியாதவன்னு சொல்லிட்டாராம். எனக்கு எப்படி இருக்கும்? தகப்பன் இல்லையா. அவன் என்னைத்தான் பார்க்கிறான்.

"அப்பா, கட்டை நனைஞ்சிருக்குப்பா. உள்ள போற சூடு பூரா அந்த ஈரத்தக் காயவைக்கவே செலவாகுது. மிச்சம் இருந்தாத்தானே தண்ணி கொதிக்கும்."

"ஈரம் நல்லதுதானடா. ஆவியும் தண்ணிதானே?"

"அது உள்ள குழாயில இருக்கிற தண்ணிப்பா. நீங்க ஊத்துறது நெருப்புல ஊத்துறது."

"உங்கம்மா அம்பது வருஷம் ஈர விறகுல மூணு வேளை பொங்கிப் போட்டா. ஒரு நாள் சோறு வேகலைன்னு சொல்லியிருப்பாளா? உனக்கு இத்தனை மெஷினு, இத்தனை காத்தாடி, ஒரு ஆவி எழுப்ப முடியலை. கையில திடமில்லைன்னு சொல்லு."

கடையே சிரிச்சது. இருளாண்டி, "ஆத்தா இருந்தா பாய்லரை ஊதியே எரிச்சிருக்கும்"னான். நியாயமான பேச்சுதானே. அவ கண்ணு ரெண்டும் புகையில் போயிடுச்சு, கடைசியில் என் முகம்கூட அவளுக்குத் தெரியலை, ஆனா சோறு வெந்தது. வழிவிட்டான் சிரிக்கலை. டீயை வாங்கினான், குடிக்காம வச்சுட்டுப் போயிட்டான்.

அந்த மாசமே அவனை நிறுத்திட்டாங்க. பெண்டாட்டி பஞ்சவர்ணத்தையும் தேன்மலரையும் கூட்டிக்கிட்டு திருப்பூர் போயிட்டான். அந்தப் பஞ்சவர்ணம் ஏதோ சொல்லித்தான் கிளப்பியிருக்கணும், எனக்கு நல்லாத் தெரியும். இல்லைன்னா பெத்த அப்பன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எவன் போவான்? அதுக்கப்புறம் கொஞ்ச நாளில் போர்டும் அணைஞ்சது.

இன்னொரு வேடிக்கை கேளுங்க. அங்கே ஒரு சாயப்பட்டறையில் அவனுக்குப் பாய்லர் வேலையேதான். அங்கேயும் விறகுதான். முதலாளி அவனைத் தலையில் தூக்கி வச்சிருக்காராம், அவன் கை பட்டா ஆவி சொன்ன பேச்சு கேட்குமாம். அதே கை சார். இங்கே வராத ஆவி அங்கே எப்படி வரும்? அந்த ஊர்த் தண்ணி வேற போல. இங்கே உப்புத் தண்ணி.

தேன்மலர் முதலில் எல்லாம் போன் போட்டு, "தாத்தா, போர்டுல எவ்வளவு"ன்னு கேட்பா. ஓடலைன்னு நான் சொன்னதே இல்லை. "ரெண்டு கண்ணு, ரெண்டுலயே நிக்குது, சேவலுக்கெல்லாம் தொண்டை கட்டிப்போச்சு"ன்னு சொல்லுவேன். அவ அதை அவங்கப்பன்கிட்டப் போய்ச் சொல்லுவா போல. இப்போ கேட்கிறதில்லை. வளர்ந்துட்டா.

போன வாரம் நான்தான் வழிவிட்டானுக்குப் போன் போட்டேன். "டேய், திறக்கப் போறாங்க, என்ஜினியர் வர்றாரு, நீ வந்து ஒரு தடவை நெருப்பு மூட்டிக் காட்டிட்டுப் போ, அப்புறம் இங்கேயே வேலை"ன்னேன். அவன் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். "கட்டை காஞ்சதாப்பா?" "கட்டை என் பொறுப்பு, நீ வா"ன்னேன். "காஞ்ச கட்டைன்னா வர்றேன்"னான். குழந்தை மாதிரி.

சார், உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிறேன். ஆவி உடனே ஏறலைன்னா அவனைத் திட்டிடாதீங்க. கொஞ்சம் கை தளர்ந்தவன். நல்ல பிள்ளை. நேரம் கொடுத்தா ஏத்திடுவான்.

அதோ டிராக்டர் சத்தம் கேட்குது. இருளாண்டிதான். ஒரு லோடு சொன்னீங்க, ரெண்டு லோடுக்குண்டானதை அடுக்கியிருக்கேன். மாசக்கணக்கா வெட்டிப் போட்டிருந்த கட்டை சார். நேத்து போய்த் தூக்கிப் பார்க்கிறேன், ஒரு கையில் வருது. சருகு. இதைக் கொண்டு வந்து எடை போட்டா நீங்க என்ன எழுதுவீங்க? இந்தத் தடவையும் கட்டை பத்தலைன்னு எழுதுவீங்க. அந்த ஒரு வார்த்தைதானே போன தடவை கம்பெனியை மூடினது. விடுவேனா? வீட்டுக்கு வாங்கி வச்ச லாரித் தண்ணி மொத்தமும் எடுத்தேன். ஊருணியில் முக்க முடியலை, அது வெடிச்சுக் கிடக்கு. ட்ரம்மில் ஒவ்வொரு கட்டையா முக்கி, திருப்பி முக்கி, நானே செஞ்சேன், எவனையும் நம்பலை. இடுப்பு போச்சு. இப்போ தூக்கிப் பாருங்க, பிள்ளை மாதிரி கனக்கும்.

எதைக் காட்டுறீங்க? ரோட்டிலா? ஆமா, பின்னால ஒரு கோடு மாதிரி சொட்டிக்கிட்டே வருது. ஒண்ணுமில்லை சார், வெயிலில் காட்ட நேரமில்லாமப் போச்சு. அதனால என்ன.

பஸ்ஸும் வந்துடுச்சு. இறங்குறான் பாருங்க, நீலச் சட்டை, தோளில் பை, அவன்தான். தலை எப்போ இப்படி நரைச்சது? நடை மட்டும் அப்படியே அவங்கம்மா. டிராக்டர்கிட்ட நின்னுட்டான். கட்டையைத் தொட்டுப் பார்க்கிறான். தொட்டுப் பார்க்காம அவனுக்கு ஆகாது, எப்பவுமே அப்படித்தான். இருளாண்டி ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். இவன் கையைச் சட்டையில் துடைக்கிறான். இங்கே பார்க்கிறான்.

டேய் வழிவிட்டான், இங்கதான் இருக்கோம், வாடா. சார் உனக்காக உட்கார்ந்திருக்காரு.

டிராக்டர் சத்தத்தில் கேட்கலை போல. ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போறான். டீ குடிக்கப் போறான் சார், பஸ்ஸில் வந்த களைப்பு. அந்தக் கடை மூடி வருஷமாச்சு, பாவம், அது அவனுக்குத் தெரியாது. போய்ப் பார்த்துட்டு வருவான். பஸ் வேற ஊர்க்கோடிப் பிள்ளையார் கோயிலில் திரும்பி, வந்த வழியே போறதுக்கு அங்கேயே நிக்குது, ஆளை மறைச்சுக்கிட்டு.

நீங்க ஏன் எழுந்திருச்சீங்க? உட்காருங்க சார். பஸ் நகரட்டும், தெரிவான்.